80 சப்பாத்தியும் ஒரு ஃப்ரீசரும்: ஒரு வீட்டுச் சமையலறையின் நிகழ்வு ஆய்வு

மடிப்பாக்கத்தில் ஐந்து பேர் இருக்கும் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு சப்பாத்திதான். மாமாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்த ஆண்டிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. மாமாவுக்கு 3, அத்தைக்கு 2, கணவருக்கும் அப்போது பத்தாம் வகுப்பு படித்த மகனுக்கும் தலா 4, எனக்கு 2 என்று ஒரு இரவுக்கு 15 சப்பாத்தி தேவைப்படும். சர்க்கரைக்காரர்களுக்குச் சோற்றைவிடச் சப்பாத்தி பெரிய நன்மை செய்துவிடுகிறது என்று நான் நினைக்கவில்லை. சோற்றை எண்ண முடியாது, சப்பாத்தியை எண்ணலாம் என்பதே அதன் முதல் நன்மை என்பது என் கருத்து. மாமாவின் சிறு வயதில் கோதுமை என்பது 1960களின் அரிசித் தட்டுப்பாட்டில், பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தின்கீழ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து ரேஷன் கடையில் கிடைத்த பொருள். அப்போது வேண்டாவெறுப்பாகக் கஞ்சியாகவும் உப்புமாவாகவும் தின்றதை வயதான காலத்தில் மருந்தாகத் தின்ன வேண்டியிருக்கிறதே என்று அவர் அவ்வப்போது சொல்லிக்கொள்வார்.

2023 ஜூன் மாதம் அத்தைக்கு வலது கைக் கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கியது. மாவு பிசைவது, கட்டையை உருட்டுவது, ஈரத் துணியைப் பிழிவது ஆகிய மூன்றையும் ஆறு வாரத்துக்கு நிறுத்தும்படி மருத்துவர் சொன்னார். நான் அலுவலகத்திலிருந்து வீடு திரும்ப ஏழரை மணி ஆகும். மாமா மாத்திரை போட்டுக்கொண்டு எட்டு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அரை மணி நேரத்தில் மாவு பிசைந்து, ஊறவைத்து, 15 சப்பாத்தி இட்டுச் சுட்டெடுப்பது ஒருவரால் ஆகிற காரியமில்லை. வாரத்துக்குத் தேவையானதை ஞாயிற்றுக்கிழமையே செய்து உறையவைக்கலாம் என்ற முடிவு இப்படித்தான் வந்தது. அந்த முடிவு சரியாக நடைமுறைக்கு வர எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தில் எவை தவறின, ஏன் தவறின, எப்படிச் சரியாயின என்பதையும், டிசம்பரில் வந்த புயல் இந்த ஏற்பாட்டை எப்படிச் சோதித்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் மூன்று தோல்விகள்

முதல் வாரம் நான் செய்தது, யாருக்கும் முதலில் தோன்றக்கூடிய எளிய வழி. மாவை மட்டும் பிசைந்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் தினமும் இட்டுச் சுட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மாவின் மேற்பரப்பு சாம்பல் நிறமாகவும், மூன்றாம் நாள் ஆங்காங்கே கறுப்பாகவும் மாறியிருந்தது. முழுக்கோதுமை மாவின் தவிட்டில் உள்ள ஒரு நொதி, காற்றுப் பட்டதும் மாவில் உள்ள பீனால் சேர்மங்களை நிறம் மாறச் செய்கிறது. நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதும் இதே வகை வேலைதான். குளிர் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. நிறம் மாறியதாலேயே மாவு கெட்டுவிட்டதாகப் பொருளில்லை என்றாலும், கறுத்த மாவை மாமனாருக்குச் சுட்டுப் போடும் துணிச்சல் எந்த மருமகளுக்கும் வராது. மாவு தளர்ந்து பிசுபிசுப்பாகிவிட்டிருந்தது வேறு. மேல் மாவு இல்லாமல் இட முடியவில்லை. அந்த மேல் மாவு கல்லில் கருகி வீடெல்லாம் தீய்ந்த வாடை அடித்தது.

இரண்டாம் வாரம், வட்டமாக இட்ட பச்சைச் சப்பாத்திகளை நிறைய மேல் மாவு தூவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். புதன்கிழமை வெளியே எடுத்தபோது அது 15 சப்பாத்திகளாக இல்லை. அம்மிக்கல்லைப் போன்ற ஒரே கட்டியாக இருந்தது. தோசைத் திருப்பியால் நெம்பியதில் மூன்று உடைந்தன. கொஞ்ச நேரம் வெளியில் வைத்து இளகவிட்டால் பிரிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். இளகியபோது நீர் கசிந்து, தூவியிருந்த மாவோடு சேர்ந்து பசையாகி, பிரிக்கவே முடியாமல் போயிற்று. பிசைந்த மாவில் உள்ள நீர் உறையும்போது பனிப்படிகங்களாகத் தனியே பிரிந்து, மாவைப் பிடித்து வைத்திருக்கும் குளூட்டன் வலையைக் கிழித்துவிடுகிறது. மறுபடி இளகும்போது அந்த நீர் முழுவதும் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. மேற்பரப்புக்கு வந்து தேங்குகிறது. பச்சையாகவே உறையவைப்பது முடியாத காரியமில்லை. ஒவ்வொன்றுக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைத்து, இளகவிடாமல் உறைந்த நிலையிலேயே கல்லில் போட்டால் ஓரளவு வரும். ஆனால் அந்தச் சப்பாத்தி உப்பாது, வேகவும் நேரமாகும் என்பதை அடுத்த சோதனையில் பார்த்துவிட்டு அந்த வழியைக் கைவிட்டேன்.

மூன்றாம் வாரம் எதிர்த்திசையில் போனேன். சப்பாத்தியை வழக்கம்போல் முழுவதும் சுட்டு, புள்ளிகள் சிவந்து, உப்பி அடங்கிய பிறகு, எண்ணெய் தடவி அடுக்கி உறையவைத்தேன். இந்த முறை அவை தனித்தனியாகப் பிரிந்தன என்பது முன்னேற்றம். மறுபடி சூடாக்கியதும் நடுப்பகுதி மென்மையாகவும் ஓரம் அப்பளம்போலவும் இருந்தது. ஒரே சப்பாத்தியை இரண்டு முறை முழுதாகச் சுட்டால் ஓரத்தில் ஈரம் எங்கே மிஞ்சும்? மாமாவுக்குப் பல் கட்டியிருப்பதால் ஓரத்தையெல்லாம் பிய்த்துத் தட்டில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் ஒதுக்கியதுதான் எனக்கு உறுத்தியது.

மில்லில் அரைத்த மாவு

இந்த மூன்று வாரங்களுக்கும் பொதுவான ஒரு குறையை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். நாங்கள் கோதுமையை வாங்கி, கல் நீக்கி, வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைப்பது வழக்கம். எங்களுக்கு முன்னால் யாராவது அரிசி அரைத்திருந்தால், முதலில் விழும் அரைக் கிலோவில் அவர்களுடைய அரிசி மாவும் கலந்திருக்கும். அன்றன்று சுட்டுச் சாப்பிடும்போது இது தெரியாது. உறையவைத்துச் சூடாக்கும்போது அரிசி மாவு கலந்த சப்பாத்தி விறைத்து, மடித்தால் கோடு விட்டு உடைகிறது. அரிசியில் குளூட்டன் இல்லை என்பதால் அதை வளைத்துப் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் மில்லில் முதலில் விழும் மாவைத் தனிப் பையில் பிடித்து, தோசைக்கோ கூழுக்கோ ஒதுக்கிவிடச் சொன்னேன். மில்லிலிருந்து வரும் மாவு கையில் பிடிக்க முடியாத சூட்டோடு இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைக்காமல் செய்தித்தாளில் பரப்பி ஆறவைக்க வேண்டும் என்பது அத்தை எப்போதும் கடைப்பிடிக்கும் விதி. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, மாவு கட்டி விழுந்து, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.

பிசைவதிலும் ஒரு மாற்றம் செய்தோம். 2 கிலோ மாவுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் 350 மில்லி நீர், 100 மில்லி எண்ணெய், 30 கிராம் உப்பு என்பது இப்போதைய அளவு. நீரில் பாதியைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேலாகக் காய்ச்சி ஊற்றி, முதலில் கரண்டியால் கிளறிவிட்டு, பிறகு மீதி நீரைச் சேர்த்துப் பிசைகிறோம். கோதுமை மாவுச்சத்து ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். வெந்நீர் பட்ட இடங்களில் அது முன்கூட்டியே நடந்துவிடுவதால் மாவு கூடுதல் நீரைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெயோ, சப்பாத்தி விறைப்பதைத் தாமதப்படுத்துகிறது. இந்த அளவில் 3 கிலோ 400 கிராம் அளவுக்கு மாவு கிடைக்கும். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாக, 42 கிராம் வீதம் பிடித்தால் 80 சப்பாத்தி வரும். ஐந்து இரவுக்கு 75 போக மிச்சம் ஐந்து, கல்லடியில் நிற்பவர்கள் அப்போதைக்கப்போது தின்றுவிடுவது.

பாதி வேக்காடு

நான்காவது வாரம் முயன்ற வழிதான் நிலைத்தது. கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும் பாதி வெந்த சப்பாத்தியைப் பார்த்து வந்த யோசனை அது. நல்ல சூட்டில் இருக்கும் தோசைக்கல்லில் சப்பாத்தியைப் போட்டதும் மேற்பரப்பின் ஈரப்பளபளப்பு மறைந்து, கொண்டைக்கடலை அளவில் இரண்டு மூன்று குமிழ்கள் எழும். அந்த நொடியில் திருப்ப வேண்டும். மறுபக்கமும் அதே அளவு, அதாவது 25 நொடி அளவில், வெந்து வெளுத்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு பழுப்புப் புள்ளிகூட விழக் கூடாது. உப்பவும் விடக் கூடாது. எண்ணெய் தடவக் கூடாது. பார்ப்பதற்கு நோயாளி முகம்போல் வெளிறி இருக்கும். முதல்முறை பார்த்த அத்தை, "என்னம்மா இது, பச்சையா எடுத்துட்டே?" என்று கேட்டுவிட்டு, என் கையிலிருந்து வாங்கி மறுபடி கல்லில் போடப் போனார்.

இந்த இடத்தில் 25 நொடிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். சப்பாத்தி உப்புவதற்குக் காரணம், இரண்டு பக்கமும் மெல்லிய தோல்போல் வெந்து இறுகி, நடுவில் உள்ள ஈரம் ஆவியாகி அந்த இரண்டு தோல்களையும் பிரிப்பது. பாதி வேக்காட்டில் நாம் அந்தத் தோலை மட்டும் உருவாக்கிவிட்டு, நடுவில் உள்ள ஈரத்தைச் செலவழிக்காமல் சேமித்து வைக்கிறோம். மறுபடி கல்லில் போடும்போது உள்ளே உறைந்திருக்கும் நீர் உருகி, ஆவியாகி, சப்பாத்தியை உப்பவைக்கிறது. முதல் முறையே அதிக நேரம் விட்டால் ஆவி வெளியேறிவிடும். குறைவாக விட்டால் தோல் உருவாகாது, அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் தவறினாலும் புதன்கிழமை இரவு அது தெரிந்துவிடும்.

ஆறவைப்பதில்தான் நான் அதிகம் தவறினேன். சுட்ட சப்பாத்தியை ஹாட்பேக்கில் அடுக்கிப் பழகிய கை, இதையும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் அடுக்கியது. அடியில் உள்ளது வியர்த்து, அந்த ஈரம் பையில் பனித்தூளாகப் படிந்து, உறைந்த பிறகு பக்கத்துச் சப்பாத்தியோடு ஒட்டியது. இப்போது சாப்பாட்டு மேசையில் பழைய பருத்தி வேட்டி ஒன்றை விரித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் ஆறவிடுகிறோம். பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் ஓரம் காய்ந்து சுருளும். மகன் பத்தாம் வகுப்பில் படித்த ஆண்டில் அவன் செய்த ஒரே வீட்டுவேலை, கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு இந்தச் சப்பாத்திகளைத் திருப்பிப் போட்டதுதான்.

ஆறியவற்றை உடனே அடுக்கிப் பையில் போடுவதும் சரிப்படவில்லை. பத்துச் சப்பாத்தி சேர்ந்த அடுக்கின் நடுப்பகுதி உறைய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மெதுவாக உறையும்போது பனிப்படிகங்கள் பெரிதாக வளரும். குறிப்பாக மைனஸ் 1 டிகிரியிலிருந்து மைனஸ் 5 டிகிரிக்கு இறங்கும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதனால் இரண்டு பெரிய எவர்சில்வர் தட்டுகளை முன்னதாகவே ஃப்ரீசரில் குளிரவைத்து, ஒரு தட்டுக்கு மூன்று சப்பாத்தி வீதம் விளிம்பு மட்டும் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி வைத்து, அரை மணி நேரத்தில் விறைத்ததும் எடுத்து அடுக்கிப் பையில் போடுகிறோம். 75 சப்பாத்திக்கும் இதைச் செய்ய ஞாயிறு மாலை முழுவதும் போய்விடும் என்பதால், வியாழன், வெள்ளிக்கு உரிய 30 சப்பாத்திக்கு மட்டும் இந்த மரியாதை. திங்கள், செவ்வாய், புதனில் தின்னப்போகிறவை நேராகப் பைக்குள் போகின்றன. இரண்டு மூன்று நாளில் தின்றுவிடும் சப்பாத்தியில் வித்தியாசம் தெரியவில்லை.

பையில் காற்றை முடிந்தவரை வெளியேற்றி மூட வேண்டும். உள்ளே மிஞ்சும் காற்றில் பனி நேராக ஆவியாகிச் சப்பாத்தியின் ஓரத்தை வெளுக்கவும் காயவும் வைக்கும். மாமாவுக்கும் அத்தைக்கும் சேர்த்து 5, மற்ற மூவருக்கும் 10 என்று இரண்டு அளவில் பைகள் போடுகிறோம். ஒரு பையைப் பிரித்தால் அன்றே முடித்துவிட வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு. சப்பாத்திகளுக்கு இடையே பட்டர் பேப்பரை நான் இரண்டுக்கு ஒன்றாகத்தான் வைக்கிறேன். நன்றாக ஆறிய சப்பாத்திக்கு அதுவே போதும்.

ஃப்ரிட்ஜா, ஃப்ரீசரா

"கீழ்த்தட்டிலேயே வெச்சா என்னம்மா? அஞ்சு நாள்தானே" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. பூஞ்சை, புளிப்பு ஆகியவற்றை மட்டும் கணக்கில் எடுத்தால் இரண்டு மூன்று நாளைக்கு ஃப்ரிட்ஜ் தாங்கும். சப்பாத்தி விறைப்பதற்கு ஈரம் போவது மட்டும் காரணமில்லை. வெந்து இளகிய மாவுச்சத்து மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுவதுதான் முதன்மைக் காரணம். காலையில் வடித்த சோறு இரவில் பருக்கை பருக்கையாக விறைப்பதும் இதனால்தான். இந்த இறுக்கம் வெளியில் இருப்பதைவிட ஃப்ரிட்ஜின் 4 டிகிரி அளவில் வேகமாக நடக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆகவே சப்பாத்தி விறைப்பதைப் பொறுத்தவரை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, வெளியில் வைப்பதைவிடவும் மோசமான இடம். இதைக் காட்டுவதற்காக ஒரு வாரம் ஐந்தைக் கீழும் ஐந்தை மேலும் வைத்து, மூன்றாம் நாள் இரண்டையும் சூடாக்கி, எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தேன். மாமா கீழ்த்தட்டுச் சப்பாத்தியைக் கையில் வாங்கி மடித்த உடனேயே கண்டுபிடித்துவிட்டார்.

உறைபொருள்களுக்கான பொது அளவுகோல் மைனஸ் 18 டிகிரி. நம் வீட்டு ஃப்ரீசர் அந்த அளவில் இருக்கிறதா என்பதை ஒரு சிறிய வெப்பமானி வாங்கி வைத்துப் பார்த்தேன். பின்சுவரை ஒட்டி மைனஸ் 17, கதவுத் தட்டில் மைனஸ் 9. பனி கட்டாத வகை ஃப்ரிட்ஜ்களில், படியும் பனியை உருக்க ஒரு சூடேற்றி அவ்வப்போது ஓடும். அப்போது ஏறி இறங்கும் வெப்பநிலை கதவுப் பக்கத்தில்தான் அதிகம். ஐஸ்கிரீம் டப்பாவைக் கதவுக்கு மாற்றி, சப்பாத்திப் பைகளைப் பின்சுவருக்கு அனுப்பியதில் மகனுக்குச் சற்று மனத்தாங்கல்.

மறுபடி சூடாக்குவதில் ஒரே ஒரு விதிதான். இளகவிடக் கூடாது. பையிலிருந்து வெளியே எடுத்து வைத்து இளகவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் சப்பாத்திமேல் வியர்த்துப் படிந்து, கல்லில் போட்டதும் நசநசவென்று ஒட்டும். சென்னைக் காற்றில் இது இரண்டு நிமிடத்தில் நடந்துவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை நேராக, நன்றாகக் காய்ந்த கல்லில் போட்டு, பத்து நொடியில் இளகியதும் திருப்பி, ஓரத்தைத் துணியால் லேசாக அழுத்திக் கொடுத்தால் உப்பும். ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். இறுகிய மாவுச்சத்து 60 டிகிரியைத் தாண்டினால் மறுபடி இளகிவிடுவதால் சப்பாத்தி புதிதுபோல் ஆகிறது. அதற்கு ஈரம் மிஞ்சியிருக்க வேண்டும். ஈரம் போன சப்பாத்தியை எந்தச் சூடும் மீட்காது. மைக்ரோவேவில் வைத்தால் தட்டில் விழும்போது பஞ்சாக இருந்து, நான்கு வாய் சாப்பிடுவதற்குள் தோல் செருப்பாகிறது.

புயல் வாரம்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது. எங்கள் பகுதியில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. திங்கட்கிழமை அதிகாலை மின்சாரம் நின்றது. முந்தைய நாள்தான் 80 சப்பாத்தி செய்து முடித்திருந்தோம். ஞாயிறு இரவு சாப்பிட்டது போக ஃப்ரீசரில் 65 இருந்தன.

நிரம்பிய ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அது தனி ஃப்ரீசர் பெட்டிக்குப் பொருந்துவதுபோல ஃப்ரிட்ஜின் மேலே உள்ள சிறிய அறைக்குப் பொருந்தும் என்று நான் நம்பவில்லை. நல்லவேளையாக அக்டோபரிலிருந்தே ஒரு சின்ன டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருந்தேன். உள்ளே பனி உருகினால் நாணயம் மூழ்கும். பிறகு மின்சாரம் வந்து மறுபடி உறைந்தாலும் நாணயம் இருக்கும் இடம் நடந்ததைச் சொல்லிவிடும். திங்கள் மாலை கதவைத் திறந்து பார்த்தபோது நாணயம் அரை அங்குலம் இறங்கியிருந்தது; கதவுப் பக்கத்துப் பைகள் வளைந்தன, பின்சுவர்ப் பைகள் இன்னும் விறைப்பாக இருந்தன.

எரிவாயு இருந்தது, குடிக்கத் தண்ணீர் இருந்தது. வளையத் தொடங்கிய பைகளிலிருந்த 30 சப்பாத்தியை அன்று இரவே முழுவதும் சுட்டு, மேல் மாடியிலும் எதிர்வீட்டிலும் இருந்தவர்களுக்கு வெங்காயத் தொக்கோடு கொடுத்தோம். மீதி 35ஐச் செவ்வாய் காலையில் சுட்டோம். அதில் கடைசிப் பையின் சப்பாத்திகள் மேலே ஈரம் கோத்து, மோந்தால் லேசாகப் புளித்த வாடை வந்ததால் ஐந்தைத் தூக்கிப் போட்டோம். மின்சாரம் வந்த பிறகு மறுபடி உறையவைக்கலாமே என்று கணவர் கேட்டார். முழுதாக இளகி அறைச் சூட்டுக்கு வந்ததை மறுபடி உறையவைத்தால், அதற்குள் பெருகிய நுண்ணுயிர்கள் சாகாமல் உறங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் புயலில் சுற்றுவட்டாரம் பட்ட பாட்டுக்குமுன் ஐந்து சப்பாத்தி ஒரு இழப்பே அல்ல என்றாலும், அதன்பிறகு நவம்பர், டிசம்பர் மாதங்களில் இரண்டு நாளைக்கு மேல் நாங்கள் சேர்த்துவைப்பதில்லை.

அத்தையின் தீர்ப்பும் வேலையின் கணக்கும்

ஆகஸ்டில் அத்தையின் கை தேறிய பிறகும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. அவர் அதை முழுமனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. "சூடு பண்ணின சப்பாத்திக்கும் சுட்ட சப்பாத்திக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டவருக்கு, நான் ஒருநாள் புதிதாகச் சுட்டதையும் ஃப்ரீசரில் இருந்ததையும் கலந்து வைத்தேன். நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னார். கண்டுபிடிப்பது மணத்தை வைத்து என்றார். புதிய சப்பாத்தியில் கல்லில் பொரியும்போது வரும் கோதுமை வாசனை, இரண்டாம் முறை சுடும்போது பாதிதான் எழுகிறது. என் மூக்குக்கு அது எட்டவில்லை என்றாலும் அவர் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆறு வாரத்துக்கு மேல் வைத்த ஒரு பையில் அந்த வாசனைக்குப் பதிலாகப் பழைய எண்ணெய் வாடை எனக்கே தெரிந்தது. முழுக்கோதுமையின் முளையிலும் தவிட்டிலும் உள்ள எண்ணெய், குளிரிலும் மெல்லச் சிக்குப் பிடிக்கிறது.

வேலை குறைந்ததா என்று அலுவலகத் தோழிகள் கேட்கிறார்கள். வார நாளில் ஒரு மணி நேர வேலை இருபது நிமிடமாகியிருக்கிறது. அதற்கு ஈடாக ஞாயிறு காலை மூன்று மணி நேரம் போகிறது. தனியொருவர் செய்தால் இது வேலையை இடம் மாற்றி வைப்பதுதான், நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் இது நின்றதற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பதால் பிசைவது கணவர், உருண்டை பிடிப்பது மாமா, இடுவது நான், திருப்பிப் போடுவது மகன் என்று வேலை பிரிந்ததுதான். செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணிக்கு இந்த நால்வரில் என்னைத் தவிர யாரும் கட்டையைத் தொட்டதில்லை.

மற்ற ரொட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வெந்தயக்கீரை, உருளைக்கிழங்கு வைத்த சப்பாத்திகள் நன்றாக உறைகின்றன. முள்ளங்கி, முட்டைக்கோஸ் வைத்தவை இளகும்போது நீர் விட்டுக் கிழிகின்றன. மைதா பரோட்டா இவை எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்குகிறது. அடுக்குகளுக்கு இடையே உள்ள கொழுப்பு, ஈரம் இடம் மாறாமல் தடுத்துவிடுகிறது. உறைந்த பரோட்டா பாக்கெட்டுகள் கடல் கடந்த தமிழர் வீடுகள் வரை போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2020இல் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லும் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம், பரோட்டா சாப்பிடும் முன் சூடாக்க வேண்டிய பொருள், ரொட்டி இனத்தில் சேராது என்று 18 சதவீத ஜிஎஸ்டி விதித்ததும், ரொட்டிக்கு 5 சதவீதமே இருந்ததால் நாடெங்கும் கேலி எழுந்ததும் நினைவிருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சப்பாத்தி, பரோட்டா இரண்டுக்குமே வரி இல்லை. சூடாக்க வேண்டியிருப்பதால் ஒரு ரொட்டி ரொட்டியாகாது என்ற வாதத்தை அன்று செய்தித்தாளில் படித்தபோது அத்தை அந்த ஆணையத்தின் பக்கம்தான் நின்றார்.

இப்போது வெள்ளிக்கிழமை இரவு மாமாவுக்கும் அத்தைக்கும் ஃப்ரீசரிலிருந்து பை எடுப்பதில்லை. அன்று அத்தை ஆறு சப்பாத்திக்கு மட்டும் மாவு பிசைந்து, மாமாவுக்கும் தனக்கும் புதிதாகச் சுடுகிறார். மிஞ்சும் ஒன்று கல்லடியில் நிற்பவருக்கு. மற்ற நாள்களில், பையின்மேல் நான் எழுதி ஒட்டும் தேதியைப் பார்க்க மாமாவுக்குக் கண்ணாடி எடுக்கச் சோம்பல். தட்டு வைத்ததும் கேட்கிறார்: "இன்னிக்கு எந்தத் தேதி சப்பாத்திம்மா?"